ஞாயிறும் பிறந்தநாளும் ஒன்றாக வந்தால் உங்கள் வீட்டில் எது முதலில்?

உவர்மலை மருமகள்
திங்கள், இரவு 9.40

நேற்று எங்கள் மாமிக்கு எண்பது வயது நிறைந்தது. என் சின்ன மகளுக்கு வியாழக்கிழமை பத்து வயது. இரண்டையும் சேர்த்து ஞாயிறன்றே கொண்டாடுவது என்று ஒரு மாதத்துக்கு முன்பே முடிவெடுத்திருந்தோம். வந்தவர்கள் எல்லோரும் வயிறார உண்டு, வாழ்த்திவிட்டுத்தான் போனார்கள். ஆனாலும் நேற்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. திருமலை, அதாவது திருகோணமலைக் குடும்பங்கள் பல இந்தப் பக்கத்தில் இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் வீட்டு ஞாயிறு மாமி வகுத்த ஞாயிறு. காலை 6.30க்குப் பூசை. அது முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி. பிறகு வீட்டில் இடியப்பம், சொதி, சம்பல். மாலையில் செபமாலை, சில ஞாயிறுகளில் பாலையூற்று லூர்து அன்னையிடம் போய் வருவோம். ஞாயிறு காலையில் டியூஷன் வைத்தால் அந்த வகுப்புக்கு எங்கள் பிள்ளைகள் போவதில்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சில வாரங்கள் கோவில்களில் ஞாயிறுப் பூசை நடக்கவில்லை, தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். அப்போதும் மாமி குளித்து, வெள்ளைச் சேலை உடுத்து, தொலைக்காட்சிக்கு முன்னால் சீமெந்துத் தரையில் முழந்தாளிட்டிருந்தார்.

இந்த முறை மண்டபம் காலை ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரைதான் கிடைத்தது. பிற்பகல் அங்கே ஒரு கலியாணம். மட்டக்களப்பிலிருந்து கொழுந்தன் குடும்பம், கொழும்பிலிருந்து மச்சாள் குடும்பம், அயலவர்கள் என்று எண்பது பேர். கேக்கை எட்டு மணிக்கே கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்கள். என் தலைக்குள் மணிக்கூடுதான் ஓடிக்கொண்டிருந்தது. நற்கருணை வாங்கியதும், இறுதி ஆசீருக்கு முன்பே, பிள்ளைகளுக்குக் கண்ணைக் காட்டி எழுப்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கணவரும் வந்துவிட்டார். மாமி மச்சாளோடு வருவார் என்று நான் நினைத்தேன். மச்சாளும் மாமி எங்களுடைய வானில் இருக்கிறார் என்று நினைத்து எங்கள் பின்னாலேயே புறப்பட்டுவிட்டார்.

நாங்கள் வெளியேறிய சற்று நேரத்தில் பங்குத்தந்தை மாமியின் பெயரைச் சொல்லி, எண்பது வயது நிறைந்தவர் குடும்பத்தோடு பீடத்துக்கு முன்னால் வரும்படி அழைத்திருக்கிறார். அந்தப் பெயரைப் புதன்கிழமை நேரில் போய்க் கொடுத்தவளே நான்தான். அவசரத்தில் மறந்துபோனேன். மாமி தனியாக நடந்து போயிருக்கிறார். பிள்ளைகள் எங்கே என்று சுவாமி கேட்டதற்கு, "வேலையாகப் போயிருக்கிறார்கள், வந்துவிடுவார்கள்" என்று சொன்னாராம். சபை முழுவதும் அவருக்காகப் பாடியிருக்கிறது. பிறகு பூசைக்கு வந்த ஒருவர் ஓட்டோவில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுவந்து விட்டார்.

வந்தார், சிரித்தார், பேத்தியின் கையைப் பிடித்துக் கேக் வெட்டினார், எல்லோருக்கும் ஊட்டினார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இரவு செபமாலை முடிந்த பிறகு சின்ன மகள்தான் என்னிடம் கேட்டாள்: "அப்பம்மாவைச் சுவாமி முன்னால் கூப்பிட்டபோது நாங்கள் ஏன் அங்கே இல்லை?"

உங்கள் வீடுகளில் இப்படி ஒரே நாளில் வந்தால் எப்படிச் செய்கிறீர்கள்? இதற்கு நான் இனி என்ன செய்யலாம்?


மட்டிக்களி அக்கா
திங்கள், இரவு 10.25

தங்கச்சி, வாசித்து முடித்ததும் என் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

நாங்கள் சைவர்கள். எங்கள் வீட்டில் இந்த மோதல் வருவதில்லை, ஏனென்றால் எங்களுக்குப் பிறந்தநாள் இரண்டு. பிறந்த தமிழ் மாதத்தில் பிறந்த நட்சத்திரம் எந்த நாளில் வருகிறதோ அது கோவிலுக்குரிய நாள். நட்சத்திரம் இருபத்தேழு; அதனால் அந்த நாள் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும். பாடசாலைப் பதிவில் இருக்கும் திகதி கேக்குக்கும் நண்பர்களுக்கும் உரியது. சிறு வயதில் நட்சத்திர நாளில் விடியற்காலையிலேயே கோணேசர் கோவிலுக்குப் போவோம். கோட்டை வாசலைத் தாண்டி, மான்கள் படுத்திருக்கும் அந்த ஏற்றத்தில் அப்பாவின் கையைப் பிடித்து நடப்போம். ஐயர் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டு அர்ச்சனை செய்வார். கோணேசருக்கும் மாதுமை அம்பாளுக்கும் முன்னால் என் பெயர் ஒலிக்கும்போது உடம்பு சிலிர்க்கும். இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, இன்றும் சிலிர்க்கிறது.

அதனால்தான் உங்கள் மாமி தனியாக நடந்த அந்தத் தூரம் என்னை இவ்வளவு வருத்துகிறது. கோவிலில் ஒருவருடைய பெயரைச் சொல்லும்போது அவருக்குப் பக்கத்தில் அவருடைய ஆட்கள் நிற்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களில் ஆயிரம் பிறை கண்டவர் என்று ஒரு பெரிய மரியாதை உண்டு. ஆயிரம் பூரணையைக் காண எண்பது வயதும் ஏறக்குறையப் பத்து மாதமும் ஆகும். உங்கள் மாமிக்கு அது இனித்தான் வரப்போகிறது. சமயம் எதுவாக இருந்தால் என்ன, நிலவு எல்லோருடைய முற்றத்திலும்தானே விழுகிறது. அந்த நாளை மனதில் வைத்திருங்கள்.


வேத மாணவன்
செவ்வாய், காலை 6.10

சகோதரி, உங்கள் மனவருத்தம் உண்மையானது. ஆனால் மூலகாரணத்தைப் பாருங்கள். வேதத்தில் பிறந்தநாள் விருந்து என்று வெளிப்படையாக வருவது இரண்டு இடத்தில். ஒன்று பார்வோனுடையது, அன்று ஒருவன் தூக்கிலிடப்பட்டான். மற்றது ஏரோதுடையது, அன்று யோவானின் தலை வெட்டப்பட்டது. இரண்டும் தேவனை அறியாதவர்களின் மேசை. எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை. ஓய்வுநாள் முழுவதும் கர்த்தருடையது. அதற்குள் மனிதரைக் கொண்டாடத் தொடங்கினால் இப்படித்தான் முடியும்.


நிலாவெளி வீதி
செவ்வாய், காலை 7.55

இதை நான் ஏற்கவில்லை. எண்பது வயதுத் தாய்க்குப் பிள்ளைகள் கூடி ஒரு நேரச் சாப்பாடு போடுவதை ஏரோதின் விருந்தோடு ஒப்பிடுவது நியாயமல்ல.

மருமகளே, நீங்களும் கொண்டாட்டத்தைக் குற்றவாளியாக்காதீர்கள். தவக்காலத்தின் நாற்பது நாளை எண்ணிப் பாருங்கள். விபூதிப் புதனிலிருந்து பெரிய சனி வரை நாற்பத்தாறு நாள் வரும். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் நாற்பது. உபவாச காலத்திலும் ஞாயிறை உபவாச நாளாக எண்ணாததற்குக் காரணம், அது உயிர்ப்பின் விழா நாள். ஆகவே ஞாயிறன்று உறவினரோடு விருந்துண்பது ஞாயிறுக்கு எதிரானதல்ல.

தவறியது நேரக் கணக்கில்தான். பூசைக்கும் விருந்துக்கும் நடுவில் மூச்சுவிட இடம் வைக்கவில்லை. காலையில் மட்டுமே மண்டபம் கிடைக்கிறது என்றால் மண்டபத்தையே விட்டிருக்கலாம். என் அப்பாவின் எழுபத்தைந்தை வீட்டு முற்றத்தில் படங்கு கட்டித்தான் செய்தோம். மதியம் சோறு, நண்டுக்கறி, கடைசியில் தம்பலகாமத்துத் தயிரும் பாணியும். பூசைக்கு வந்த பாதி ஊர் அப்படியே எங்களோடு நடந்து வந்து பந்தியில் உட்கார்ந்தது.


ஓய்வுபெற்ற ஆசிரியர்
செவ்வாய், மாலை 4.30

வேத மாணவன் தம்பி சொன்ன இரண்டு இடங்களும் சரி. ஆதிக்கால சபையிலும் அந்த எண்ணம் இருந்தது. புனிதர்களுக்கு அவர்கள் இறந்த நாளையே விண்ணகத்தில் பிறந்த நாளாகக் கொண்டாடும் வழக்கமும் உண்டு. ஆனால் கத்தோலிக்கத் திருச்சபை மூவருக்கு மட்டும் மண்ணில் பிறந்த நாளையும் விழாவாக வைத்திருக்கிறது. டிசம்பர் 25 ஆண்டவருக்கு, செப்டம்பர் 8 அன்னை மரியாளுக்கு, ஜூன் 24 யோவானுக்கு. எந்த யோவான் என்று பாருங்கள்: ஏரோதின் பிறந்தநாளில் கொல்லப்பட்ட அதே யோவான். ஒரு பிறந்தநாள் விருந்தில் பலியானவருடைய பிறந்தநாளையே திருச்சபை கொண்டாடுகிறது. பிறந்தநாளை விலக்குவதல்ல, அது யாருக்கு முன்னால் கொண்டாடப்படுகிறது என்பதைத் திருத்துவதே அதன் நோக்கம் என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

மகள், உங்கள் மாமியைப் பற்றி ஒன்று கேட்க விரும்புகிறேன். அவர் வேலை பார்த்தவரா? எண்பது வயது என்றால் 1966இல் அவருக்கு இருபது, இருபத்தொன்று இருக்கும். அந்த ஆண்டு தொடக்கம் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நாளாக இருக்கவில்லை என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வார விடுமுறையைப் பௌத்தர்களின் புனித நாட்களான போயா நாட்களுக்கு மாற்றியிருந்தார்கள். அமாவாசை, பூரணை, இரண்டு அட்டமி. போயா தினத்துக்கு முந்திய நாள் அரைநாள். நிலவின் கணக்குப்படி வாரம் சிலவேளை ஏழு நாள், சிலவேளை எட்டு நாள். ஞாயிறன்று பாடசாலையும் கந்தோரும் நடந்தன. நான் அப்போது சிறுவன். ஞாயிறு விடியுமுன் அரிக்கன் விளக்கோடு அம்மா எங்களைப் பூசைக்குக் கூட்டிப்போவார். அங்கிருந்து நேரே பாடசாலைக்கு ஓடுவோம். புத்தகப்பை எல்லாம் கோவில் திண்ணையில் அடுக்கியிருக்கும்.

321ஆம் ஆண்டு கொன்ஸ்தந்தீன் பேரரசன் ஞாயிறை ஓய்வு நாளாக்குவதற்கு முன்பு, முதல் கிறிஸ்தவர்கள் எல்லோருமே வேலை நாளில்தான் வழிபட்டார்கள். அந்த அனுபவம் திருமலையில் எங்கள் தலைமுறைக்கும் கிடைத்தது. உங்கள் மாமியின் ஞாயிறுப் பிடிவாதத்துக்கு வேர் அங்கே இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.


மெதடிஸ்த வீடு
செவ்வாய், இரவு 8.15

எங்கள் சபையில் அந்தந்த மாதம் பிறந்தவர்களை ஒரு ஞாயிறில் முன்னால் அழைப்பார்கள். குழந்தை முதல் கிழவர் வரை வரிசையாக நிற்பார்கள். நன்றிக் காணிக்கை போடுவார்கள், போதகர் ஜெபிப்பார். குடும்பத்தவர்கள் எழுந்து நிற்பது வழக்கம். யாருக்காவது குடும்பம் வெளிநாட்டில் என்றால் பக்கத்து வாங்கில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். உங்கள் மாமிக்காகச் சபை முழுவதும் பாடியது என்று எழுதியிருந்தீர்கள். அவர் தனியாக நிற்கவில்லை, அம்மா.


திருக்கடலூர்ப் பக்கம்
புதன், அதிகாலை 4.50

கடலுக்குப் போகுமுன் எழுதுகிறேன்.

என் மூத்தவனின் பிறந்தநாள் டிசம்பர் 26. அவனுக்கு ஒரு வயது நிறைந்தது 2004இல். அன்றும் ஞாயிறு. நத்தாருக்கு மறுநாள் என்பதால் பூசைக்குக் கூட்டம் குறைவு. பூசை முடிந்ததும் பிள்ளையைச் சுவாமியிடம் காட்டி ஆசீர் வாங்க வேண்டும் என்று என் அம்மா பிடிவாதமாக நின்றார். நான் வீட்டுக்குப் போகத் துடித்தேன். பந்தல்காரர்கள் வருவதாக இருந்தது. ஒன்பது மணியை ஒட்டிக் கடல் வந்தது. நாங்கள் கோவிலடியில் இருந்தோம். வீடு போய்விட்டது. பக்கத்து வீட்டில் மூன்று பேர் போய்விட்டார்கள்.

ஆசீருக்காக நின்றதால் தப்பினோம் என்று பலர் என்னிடம் சொன்னார்கள். அப்படிச் சொல்ல என் வாய் வருவதில்லை. போனவர்களும் முதல்நாள் நத்தார்ப் பூசையில் எங்களுக்குப் பக்கத்தில்தான் முழந்தாளிட்டார்கள்.

ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒழுங்கு ஒன்று உண்டு. டிசம்பர் 26 காலையில் இறந்தவர்களுக்காகப் பூசை. 9.25க்கு நாடே மௌனமாக நிற்கும் இரண்டு நிமிடத்தில் நாங்கள் கடற்கரையில் நிற்போம். மகன் பூப் போடுவான். பிறகு பகல் முழுவதும் சாதாரண நாள்தான். பொழுதுபட்டு விளக்கு வைத்த பிறகே அவனுக்குக் கேக். சிறு வயதில் ஏன் இரவில் மட்டும் என்று அழுவான். இப்போது அவனே காலையில் எல்லோரையும் எழுப்புகிறான்.

அக்கா, உங்கள் மகள் கேட்ட கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்கும்.


தூரத்துத் திருமலை
புதன், பிற்பகல் 1.20

ரொறன்ரோவில் இருக்கிறேன். கோடைகாலத்தில் உங்கள் ஞாயிறு காலை 6.30 எங்களுக்குச் சனி இரவு 9 மணி. அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளன்று தம்பி கைபேசியைப் பிடித்திருக்க, அம்மா பீடத்துக்கு முன்னால் நின்றதை இங்கிருந்து பார்த்தேன். எல்லோரும் சிலுவை அடையாளம் போட்டபோது நானும் போட்டேன். அந்தப் பிறந்தநாளில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான், அதுவே நிறைய. விருந்தை என்னால் பார்க்க முடியவில்லை, பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

தயவுசெய்து மாமியோடு நேரில் பேசுங்கள். இங்கே எங்களிடம் கேட்பதை அவரிடமே கேளுங்கள்.


வேத மாணவன்
புதன், இரவு 7.05

திருக்கடலூர் அண்ணன் எழுதியதை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். என் கொள்கை மாறவில்லை. ஆனால் முதல் பதிவில் ஒரு புண்பட்ட சகோதரிக்கு நான் வசனக் கணக்குச் சொன்னது தவறு. அதற்கு வருந்துகிறேன். உங்கள் மாமிக்காக இன்று ஜெபித்தோம்.


உவர்மலை மருமகள்
வியாழன், இரவு 10.10

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிவையும் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். வேத மாணவன் சகோதரருக்குத் தனியாக நன்றி.

இன்று மாலை மாமி முற்றத்தில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். "விடு பிள்ளை" என்றார். பிறகு ஆசிரியர் ஐயா எழுதியதைச் சொன்னேன். ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. இந்த வீட்டுக்கு நான் வந்து பதினாறு வருடம். இவ்வளவு நேரம் அவர் தன் இளமையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

1966இல் அவர் புதிதாக நியமனம் பெற்ற அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. ஞாயிறும் பாடசாலை. விடியற்காலைப் பூசைக்குப் போவாராம். பாடசாலைக்கு நடந்து போகத் தூரம் அதிகம். பிந்தினால் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு. ஆகவே நற்கருணை வாங்கியதும் எழும்பி ஓடிவிடுவார். ஐந்து வருடத்துக்கு மேல் ஞாயிறுகளில் இறுதி ஆசீர் கேட்டதில்லை. இருபத்துநான்காவது பிறந்தநாளும் அப்படி ஒரு ஞாயிறில்தான் வந்தது. அன்று அவருடைய அம்மா மட்டும் கடைசிவரை இருந்து, பிறகு ஒரு தகரப் பேணியில் பயத்தம் பணியாரத்தோடு இடைவேளைக்குப் பாடசாலை வாசலில் வந்து நின்றாராம். "உனக்கும் சேர்த்து ஆசீர் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்" என்று சொல்லி, நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுப் போனாராம்.

மாமி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "1971இல் ஞாயிறு திரும்பக் கிடைத்த அன்று, இனி எழும்பி ஓடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். போன ஞாயிறு நீ பிள்ளைகளோடு எழும்பிப் போனதைப் பார்த்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. நான் ஓடியதுதான் ஞாபகம் வந்தது. அதனால்தான் நான் இருந்தேன். யாராவது ஒருவர் இருந்து வாங்க வேண்டும் அல்லவா?"

அதற்குப் பிறகு முருங்கையிலை என் கண்ணுக்குத் தெரியவில்லை.

மகளையும் கூப்பிட்டு, அன்று நாங்கள் அங்கே இல்லாததற்குக் காரணம் அம்மாவின் அவசரம் என்று மாமிக்கு முன்னால் சொன்னேன். அவள் மாமியிடம் கேட்டது, அந்தப் பணியாரப் பேணி இன்னும் இருக்கிறதா என்றுதான். இருக்கிறது. தையல் நூல் வைத்திருக்கிறார்.


உவர்மலை மருமகள்
ஞாயிறு, பிற்பகல் 2.45

இன்று எல்லோரும் கடைசிவரை இருந்தோம். சிறப்பாக ஒன்றும் இல்லை; யாரையும் முன்னால் அழைக்கவில்லை. மாமிக்குப் பக்கத்தில் மகள் இருந்தாள். பீடப் பணியாளர்கள் மெழுகுதிரிகளை அணைக்கும்வரை மாமி எழும்பவில்லை, அவளும் எழும்பவில்லை. வெளியே வந்தபோது மாமி அவள் நெற்றியில் சிலுவை வரைந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நானும் குனிந்தேன்.

நிலாவெளி வீதி சொன்னதுபோல அடுத்த முறை எங்கள் முற்றத்தில்தான் பந்தி, அதுவும் மதியத்துக்குப் பிறகுதான். மட்டிக்களி அக்கா, நீங்கள் சொன்ன ஆயிரம் பிறையை மகள் கைபேசியில் நாள் நாளாக எண்ணிப் பார்த்தாள். அது ஒரு செவ்வாய்க்கிழமையில் வருகிறதாம். உங்களையும் அழைப்போம், கட்டாயம் வர வேண்டும். மாமியிடம் சொன்னோம். அவர் கேட்டது, அன்று காலையில் கோவிலில் பூசை எத்தனை மணிக்கு என்பது மட்டும்தான்.